விற்றமின் டி குளிசை: ஐம்பதைத் தாண்டிய நம் பெண்கள் எல்லோருக்கும் வேண்டுமா?

வட்டவளை ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடமாகிறது. சில மாதங்களாகப் பாடசாலையின் மாடிப்படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பின்னேரமானால் கால்கள் ஓய்ந்துபோகின்றன. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும், அங்கிருந்த ஐந்து பேரில் நால்வர் தாங்கள் விற்றமின் டி எடுப்பதாகவும், எனக்கும் அதுதான் குறை என்றும் அடித்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி, ஒரு நாட்கூலியை விஞ்சிய பணத்தைக் கொடுத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தம் பரிசோதித்தேன். அறிக்கையில் 52 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'குறைவு' என்ற சொல்லும் இருக்கின்றன. இந்தியாவில் கூடலூரில் குடியேறிய சித்தியின் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அங்கே 30 இருந்தாலே போதும் என்பார்கள், 52 என்றால் நீ ராணி என்றாள். மருந்துக்கடையிலோ அதே தாளைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கொன்று என்று 50,000 அலகு (IU) விற்றமின் டிக் குளிசைகள் எட்டைக் கையில் தந்துவிட்டார்கள்.

என்னோடிருக்கும் அம்மாவுக்கு வயது 76. நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கிளினிக்கில் கொடுக்கும் கல்சியக் குளிசையை எடுக்கிறார். வளைகுடாவிலிருக்கும் தம்பி அவருக்கென்று 5,000 அலகுப் போத்தல் ஒன்றை அனுப்பியிருக்கிறான். இவற்றில் எதை யார் எடுப்பது, எதை அலுமாரியில் வைப்பது என்று தெரியாமல் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி, பதுளை:
தங்கச்சி, குளிசையைத் திறப்பதற்கு முன் அறிக்கையை மறுபடி எடுத்து, 52 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன அலகு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரத்தத்திலுள்ள விற்றமின் டி இரண்டு விதமாக அளந்து சொல்லப்படுகிறது. ஒன்று மில்லிலீற்றருக்கு இத்தனை நனோகிராம். மற்றது லீற்றருக்கு இத்தனை நனோமோல். முதலாவதை இரண்டரையால் பெருக்கினால் இரண்டாவது வரும். இந்தியாவில் பெரும்பாலும் முதலாவதுதான் வழக்கம். ஆகவே உங்கள் சித்தி மகள் சொன்ன 30 நனோகிராம் என்பது 75 நனோமோல். உங்களுடைய 52 நனோமோல் என்றால், அவருடைய கணக்கில் அது 21 நனோகிராம் கூட வராது. கிளினிக்கில் வேலை செய்த காலத்தில், ஒரே தாளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அழுததையும் இன்னொரு குடும்பம் சிரித்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

அது 'குறைவு'தானா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2011இல் 20 நனோகிராம், அதாவது 50 நனோமோல் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றது. அதே வருடம் அங்குள்ள அகச்சுரப்பியியல் சங்கம் 30 நனோகிராம் வேண்டும் என்றது. பல ஆய்வுகூடங்கள் உயர்ந்த கோட்டையே அச்சிட்டு வைத்திருப்பதால், நடுவில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே இரவில் நோயாளிகளானார்கள். அந்தச் சங்கமே 2024இல் வெளியிட்ட புதிய வழிகாட்டலில் 30 என்ற கோட்டைக் கைவிட்டுவிட்டது. ஆனால் ஆய்வுகூடத் தாள்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. நீங்கள் இரண்டு கோடுகளுக்கும் நடுவில், கீழ்க்கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறீர்கள்.

இன்னொன்று. படியேறும்போது மூச்சு வாங்குவது விற்றமின் டி குறைவின் அடையாளமன்று. அது மிகவும் குறைந்து எலும்பு மென்மையானால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்தும்போது நோகும். குந்தியிருந்து எழும்பத் தொடையில் வலு இருக்காது. கையை ஊன்றாமல் கதிரையை விட்டு எழுவது சிரமமாகும். உங்கள் ஈமோகுளோபின் எவ்வளவு என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பசறையான்:
எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. காலை ஏழரைக்கு மலைக்குப் போய்ப் பின்னேரம் வரை வெட்டவெளியில் நிற்கும் பெண்களுக்கு வெயில் விற்றமின் எப்படிக் குறையும்? குளிர்தேசத்து வெள்ளைக்காரர்களுக்காகத் தயாரித்த சரக்கை நம் தலையில் கட்டுகிறார்கள் என்றே நினைக்கிறேன். பதுளைப் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வந்து நின்று பாருங்கள், தோல் உரியும்.

தலவாக்கலை மகள்:
பசறை அண்ணா, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் உங்கள் ஊவாப் பக்கத்து வெயிலை வைத்துக்கொண்டு மலையகம் முழுவதையும் அளந்துவிட முடியாது. உங்கள் பக்கம் காயும் அதே ஜூன், ஜூலையில் மஸ்கெலியாவிலும் ஹட்டனிலும் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டுகிறது. எங்கள் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் போகாமல் கிடக்கும்.

என் அம்மா வேலைக்குக் கிளம்பும் கோலத்தைச் சொல்கிறேன். முழுக்கைச் சட்டை, அதன்மேல் பழைய சுவெட்டர். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் படாதபடி சுற்றிய படங்கு. தலையில் மடித்த துணி, அதன்மேல் கூடைக்கயிறு. மழை வந்தால் முதுகு வரைக்கும் கொங்காணி. இவ்வளவுக்கும் வெளியே தெரிவது முகமும் விரல்களும்தான். தோலில் இந்த விற்றமினை உண்டாக்கும் புறஊதா 'பி' கதிர், துணியைத் தாண்டி அவ்வளவாக உள்ளே போகாது. கண்ணாடி யன்னலைத் தாண்டிப் போகவே போகாது. கனத்த முகில் அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். நம்முடைய கறுத்த தோலிலுள்ள மெலனின், தோலைக் காக்கும் அதே வேலையால் இந்தக் கதிரையும் மறித்துவிடுகிறது. ஆதலால் வெள்ளைத் தோலுக்குச் சில நிமிடம் போதுமென்றால், நமக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும்.

நமக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. நுவரெலியா ஏழு பாகை அகலாங்கில் இருப்பதால், ஐரோப்பாவைப் போலக் குளிர்காலத்தில் அந்தக் கதிர் அறவே இல்லாமல் போவதில்லை. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் அது கடற்கரையை விடச் சற்றுக் கூடுதலாகவே விழுகிறது. நிழல் நம் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரமே அது நன்றாக விழும் நேரம் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சொல்லித் தந்தார். ஆகவே மலையில் இன்னும் வேலை செய்பவர்களை விட, வேலையிலிருந்து நின்று, 10க்கு 12 அடி லயக் காம்பராவுக்குள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் அம்மாமாரையும், விடிய முன் பஸ் ஏறி இருட்டிய பின் திரும்பும் ஆடைத்தொழிற்சாலைத் தங்கச்சிமாரையும், மன்னிக்க வேண்டும், ஆசிரியைமாரையும் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். வயதாக ஆகத் தோலில் இதை உண்டாக்கும் மூலப்பொருளும் குறைந்துவிடுகிறது.

கந்தப்பளை ராணியக்கா:
படித்தவர்கள் என்ன சொன்னாலும் எனக்கு இது வேலை செய்தது. 58 வயதில் முழங்கால் பிடித்துக்கொண்டு மாடு போல் நின்றவள் நான். மூன்று மாதம் விற்றமின் டி எடுத்த பிறகு கோயிலுக்கு நடந்தே போய் வருகிறேன். புற்றுநோய், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் இது நல்லது என்று ஒரு காணொளியிலும் பார்த்தேன். எடுப்பதால் என்ன நட்டம்?

புசல்லாவை வாசகி:
ராணியக்கா, நீங்கள் நடப்பதைக் கேட்க மகிழ்ச்சி. உங்களுக்கு உண்மையிலேயே மிகவும் குறைந்திருந்தால் தசையும் எலும்பும் தேறியிருக்கக்கூடும். முழங்கால் தேய்வு வலி தானாகவே சில மாதம் ஏறி, சில மாதம் இறங்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. மற்ற நோய்களைப் பற்றிய காணொளிப் பேச்சைத்தான் நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 'வைட்டல்' என்ற ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்தார்கள். ஆண்கள் 50 வயதும் பெண்கள் 55 வயதும் கடந்தவர்கள். ஒரு சாராருக்குத் தினமும் 2,000 அலகு விற்றமின் டி, மறு சாராருக்கு வெற்றுக் குளிசை என்று ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தபோது, புதிதாகப் புற்றுநோய் வருவதும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதும் இரு சாராரிடமும் ஒன்றாகவே இருந்தன. 2022இல் எலும்பு முறிவுக் கணக்கு வெளியானது. அதிலும் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு 'விற்றமின் டி வீண்' என்று கூச்சலிட்டவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆரம்பத்திலேயே போதுமான அளவு இருந்தது. மிக மோசமாகக் குறைந்தவர்கள் மிகச் சிலரே. நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் அது வழியத்தானே செய்யும். குறைந்த குடத்தில் ஊற்றிய கதையும் உண்டு. 1992இல் பிரான்சில் முதியோர் இல்லங்களிலிருந்த 3,270 பெண்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. சராசரி வயது 84, வெளியே அதிகம் போகாதவர்கள், உணவிலும் கல்சியம் குறைவு. தினமும் 800 அலகு விற்றமின் டியும் 1,200 மில்லிகிராம் கல்சியமும் எடுத்தவர்களுக்கு, ஒன்றரை வருடத்தில் இடுப்பெலும்பு முறிவு 43 வீதம் குறைந்திருந்தது. இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வேறு வேறு பெண்களைப் பற்றியவை அவை. ஆசிரியையின் அம்மா இரண்டாவது கூட்டத்துக்குக் கிட்ட நிற்கிறார். ஆசிரியை முதலாவது கூட்டத்துக்குக் கிட்ட.

'என்ன நட்டம்' என்று கேட்டீர்கள். மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், கல்சியத்தோடு 400 அலகு கொடுத்தபோது இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு வீதமளவு கூடியது, ஆனால் சிறுநீரகக் கல் 17 வீதம் அதிகமாயிற்று. அவுஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு வருடத்துக்கொரு முறை 5 இலட்சம் அலகை ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, மருந்தெடுத்த பெண்கள்தான் அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக எலும்பை முறித்துக்கொண்டார்கள். மருந்து ஒன்றுதான், கொடுத்த விதம்தான் வேறு.

பசறையான்:
குடத்து உவமையை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எல்லோரும் பரிசோதித்துத்தானே பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற தாதி, பதுளை:
வேண்டாம் தம்பி. நான் முன்பு சொன்ன 2024 வழிகாட்டல், நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்கிறது. 50 முதல் 74 வயது வரையுள்ள, வேறு காரணம் இல்லாத பெண்கள், அன்றாடத் தேவைக்கு மேற்பட்ட அளவைக் குளிசையாக எடுக்கத் தேவையில்லை. 75ஐத் தாண்டியவர்கள் பரிசோதனை இல்லாமலே சிறிய அளவைத் தினமும் எடுக்கலாம். அன்றாடத் தேவை 70 வயது வரை 600 அலகு, அதன்பின் 800. எலும்பு ஏற்கெனவே முறிந்தவர், வலிப்புக்கு மருந்தெடுப்பவர், நீண்டகாலம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை எடுப்பவர், குடலில் நோயுள்ளவர், நான் சொன்ன தொடை வலுவின்மை உள்ளவர் ஆகியோருக்குத்தான் பரிசோதனை பயன்படும்.

ஹட்டன் மருந்தாளர்:
மருந்துக்கடைக்கு உள்ளேயிருந்து இரண்டு விடயங்களைச் சொல்கிறேன். முதலாவது, 'விற்றமின் டி' என்று நீங்கள் கேட்டு வாங்கும் குளிசை ஒரே பொருளாக இருப்பதில்லை. சாதாரணமானது கொலிகல்சிபெரோல், இதை ஈரலும் சிறுநீரகமும் அடுத்தடுத்து மாற்றியபின்தான் உடலுக்கு உதவும். அல்பாகல்சிடோல் என்பது சிறுநீரகத்தில் நடக்க வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்து முடித்த மருந்து. சிறுநீரகம் பழுதானவர்கள் முதலியோருக்கு வைத்தியர் எழுதுவது. அது அலகில் அன்று, 0.25 மைக்ரோகிராம் போன்ற மிகச் சிறிய அளவில் வருகிறது. இரத்தக் கல்சியத்தை வேகமாக ஏற்றும். நீங்கள் செய்த இரத்தப் பரிசோதனையில் தெரியவும் மாட்டாது. 'பக்கத்து வீட்டு அக்காவின் குளிசை' என்று வெற்று மட்டையைக் கொண்டுவந்து நீட்டுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 அலகு. ஆகவே 20 மைக்ரோகிராம் என்று எழுதிய போத்தலும் 800 அலகு என்று எழுதிய போத்தலும் ஒன்றே. வாரத்துக்கு 50,000 என்பது நாளொன்றுக்கு 7,000 அலகுக்கு மேல் வருகிறது. குறைவு உறுதியானவர்களுக்கு எட்டு வாரம் போல வைத்தியர் கொடுக்கும் சிகிச்சை அளவு அது, சத்துக் குளிசை அன்று. வைத்தியக் கண்காணிப்பு இல்லாத ஒருவருக்கு நாளாந்த உச்ச வரம்பு 4,000 அலகு. தம்பி அனுப்பிய 5,000 அதைத் தாண்டுகிறது.

மஸ்கெலியா மருமகள்:
மேலே சொன்னதைப் படித்தபோது உடம்பு நடுங்கியது. போன வருடம் என் மாமியாருக்கு ஒரு கடையில் இதே 50,000 குளிசை கொடுத்தார்கள். உறையில் வாரத்துக்கொன்று என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. வாயால் ஒருவரும் சொல்லவில்லை. மாமி மற்றக் குளிசைகளைப் போலவே இதையும் தினமும் விழுங்கியிருக்கிறார். தீர்ந்ததும் மட்டையைக் காட்டி மறுபடி வாங்கியுமிருக்கிறார். ஆறாவது வாரத்தில் சாப்பாடு வேண்டாம் என்றார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், இரவில் ஐந்தாறு முறை வெளியே போனார், மலம் இறுகிவிட்டது. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்துத் தன் செத்துப்போன தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயதுக் கோளாறு என்றே வீட்டில் நினைத்தோம். வைத்தியசாலையில் இரத்தக் கல்சியம் எகிறியிருப்பது தெரிந்து, நாட்கணக்கில் சேலைன் ஏற்றினார்கள். இது கொழுப்பில் தங்கும் மருந்து என்பதால், நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் இரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு மட்டையிலும் நானே நீல மையால் தமிழில் கிழமையை எழுதி ஒட்டுகிறேன்.

தலவாக்கலை மகள்:
சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. விற்றமின் டி உள்ள உணவு குறைவுதான்: கொழுப்புள்ள மீன், டின் மீன், முட்டை மஞ்சட்கரு, சேர்த்துத் தயாரித்த பால்மா. உச்சி வெயிலில் சிறிது நேரம் விரித்து வைத்த காளானிலும் உண்டாகும். கல்சியத்துக்கு அவ்வளவு அலைய வேண்டாம். முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடு இருக்கிறது. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. 50ஐத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்பது கணக்கு.

ஓய்வுபெற்ற தாதி, பதுளை:
அம்மாவைப் பற்றி ஒன்று விடுபட்டுப் போகிறது. என் வார்டுக்கு இடுப்பு முறிந்து வந்த முதியவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், பதில் அநேகமாக ஒன்றுதான்: இரவில் கக்கூசுக்குப் போக இறங்கினேன், பாசி பிடித்த படி வழுக்கியது. அம்மாவின் கண்ணில் வெண்புரை இருக்கிறதா, படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, வெளியே ஒரு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மணிக்கட்டு முறிந்தவர் என்றால் வைத்தியரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தியைப் பார்த்து வேறு மருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். அந்த வேலையை விற்றமின் டி தனியே செய்யாது.

வட்டவளை ஆசிரியை:
பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். அறிக்கையில் இருப்பது நனோமோல்தான். தாதி அக்கா கேட்டபடி ஈமோகுளோபின் பார்த்தேன்: 9.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய இரண்டு வருடமும் எனக்கு அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு இருந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்போது இழந்த இரும்புச்சத்து பிறகு ஈடாகவே இல்லை என்றார் வைத்தியர். இப்போது இரும்புக் குளிசை தந்திருக்கிறார். 50,000 குளிசைகளில் ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அம்மாவைக் கதிரையில் இருத்தி, இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னார். அம்மா மூன்று முறை முன்னால் ஆடிவிட்டு, நாலாவது முறை கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முன்னெலும்பை அழுத்தியபோது வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "இது இன்றைக்கா வலிக்கிறது" என்றார். இவ்வளவு காலமும் எங்களிடம் சொன்னதில்லை. அம்மாவுக்குத்தான் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு 23 நனோமோல். வைத்தியரின் கணக்குப்படி எட்டு வாரம் சிகிச்சை, பிறகு தினமும் 800 அலகு, கல்சியம் தொடரும், மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம். தம்பியின் போத்தலை மூடியே வைத்திருக்கிறேன். படிக்குக் கம்பி போட ஆள் சொல்லியாயிற்று.

மருந்தாளர் அண்ணாவிடம் ஒரு கேள்வி: நான் தைரொயிட்டுக்குத் தைரொக்சின் எடுக்கிறேன். இரும்பையும் இதையும் ஒன்றாக விழுங்கலாமா? அம்மாவின் குளிசைகளுக்கும் நேரம் சொல்லுங்கள்.

ஹட்டன் மருந்தாளர்:
ஒன்றாக விழுங்க வேண்டாம். தைரொக்சினை விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் வெறுந்தண்ணீரோடு எடுங்கள். இரும்புக்கு அதிலிருந்து நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பாடசாலை விட்டு வந்த பிறகு எடுக்கலாம். இரும்பை எடுத்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் தேத்தண்ணி குடிக்க வேண்டாம், சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றைப் புரட்டினால் சிறிது சோற்றோடு எடுக்கலாம். அம்மாவின் கல்சியக் குளிசை காபனேற்று (கார்பனேட்) வகை என்றால் இராச்சாப்பாட்டோடு கொடுங்கள். விற்றமின் டியை எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்த பகல் சோற்றோடு கொடுங்கள். கொழுப்போடு போனால்தான் நன்றாகச் சேரும். எட்டுக் குளிசைகள் தந்த கடையில், திறக்காத மட்டையை இரசீதோடு கொண்டுபோய்க் காட்டிப் பேசிப் பாருங்கள். வாங்கமாட்டோம் என்றால், அம்மாவுக்கு எழுதிய சிகிச்சை அளவு அதுவேதானா என்று வைத்தியரிடம் கேட்டு, அவர் ஆம் என்றால் மட்டையின் மேல் கிழமையை எழுதிவிட்டுப் பாவியுங்கள்.